ஏழாம் எண் வீட்டுக் கடல்

2023 ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி, வியாழக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் எபிநேசர் நகர் இரண்டாவது தெருவில், ஏழாம் எண் வீட்டுக்குள் கடல் வந்தது. அளவு முழங்கால். கடற்கரை அங்கிருந்து இருபது கிலோமீட்டர் கிழக்கே. மழை இல்லை, குழாய் உடையவில்லை, தெரு காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பூவம்மாள் மீன் விற்றுத் திரும்பும்போது ஜன்னலில் அலைச் சத்தம் கேட்டாள். டிவி ஓடுகிறது என்று நினைத்துப் போய்விட்டாள். வீட்டுக்காரன் இம்மானுவேல் காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து கதவைத் திறந்தான். தண்ணீர் வாசல்படி விளிம்பில் நின்றது, வெளியே கொட்டவில்லை. ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி அதற்குள் வைத்து, பேன்ட்டை மடித்துக்கொண்டு உள்ளே போனான். சமையலறையில் இரண்டு மடவை மீன்கள் இருந்தன. முந்தின நாள் வாங்கிப் போட்ட சின்னக் கட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அறைக்குள் மிதந்துகொண்டிருந்தது.

கட்டில் மகளுக்கு. ஏஞ்சலினுக்கு அப்போது நான்கு வயது. இம்மானுவேலுக்கு முப்பத்தொன்று. அவன் மனைவி ஜெனிபர் ஜனவரியில் இறந்திருந்தாள். காய்ச்சல், ஆறு நாள். அடக்கம் முடிந்த நான்காம் நாள் அவன் ஷிஃப்ட்டுக்குப் போனான். குழந்தையை மாமியார் சாராள் திருவள்ளூருக்குப் பக்கத்தில் மணவாள நகரில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள், அவன் கொஞ்சம் நிதானத்துக்கு வரும் வரை என்று சொல்லி. வரும் சனிக்கிழமை போய்க் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேசி முடித்திருந்தான். கடல் வியாழக்கிழமை வந்தது.

அதே வியாழக்கிழமை காலையில்தான் ஜப்பானில், பன்னிரண்டு வருடத்துக்கு முன் விபத்தான அணு உலையில் தொட்டி தொட்டியாகத் தேக்கி வைத்திருந்த தண்ணீரைச் சுத்திகரித்துக் கடலில் விடத் தொடங்கினார்கள். நம் நேரத்துக்கு ஒன்பதரை மணி. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் நிரூபிக்கவில்லை. இல்லை என்று சொல்லத் தெருவில் ஆள் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் எல்லார் செல்போனிலும் ஒரே குரல் வந்தது: மீன் தின்னாதீர்கள், உப்பு வாங்கி வையுங்கள், கடல் இனி பழைய கடல் இல்லை. மூன்று கண் நண்டின் படமும் வந்தது. கும்மிடிப்பூண்டி பஜாரில் மூன்று நாள் உப்பு கிடைக்கவில்லை. பூவம்மாளின் கூடை போனபடியே திரும்பி வந்தது. ஜப்பான் எங்கே, பழவேற்காடு எங்கே என்று அவள் வீடு வீடாகக் கேட்டாள். அவர்கள் ஏழாம் எண் வீட்டைக் காட்டினார்கள். இருபது கிலோமீட்டர் நடந்து வந்த தண்ணீர் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கும். பயந்துதான் ஓடிவந்து ஒளிந்திருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். எதையோ கொண்டுவந்திருக்கிறது என்று பலர் சொன்னார்கள்.

இம்மானுவேல் பொன்னேரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். வேலை ஒரு கம்பி ஆலையில், கேட்டில். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய இரும்பை உருக்குவதற்கு முன் ஒவ்வொரு லாரியும் இரண்டு மஞ்சள் தூண்களுக்கு நடுவே மெல்ல ஊர்ந்து போக வேண்டும். இரும்பில் எங்காவது கதிர்வீச்சுள்ள துண்டு கலந்திருந்தால் மணி அடிக்கும். ஆறு வருடத்தில் நான்கு முறை அடித்தது. அதில் ஒன்று இரும்புக்காக அல்ல, முந்தின நாள் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்துக்கொண்ட டிரைவருக்காக. மணி அடித்தால் கையில் பிடிக்கும் மீட்டரோடு லாரியைச் சுற்றி வந்து எந்த இடம் என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. கேட்டில் ஒரு பழக்கம் உண்டு. அந்த மீட்டரின் ஒலியை யாரும் அணைப்பதில்லை. சும்மா இருக்கும்போதும் அது டிக், டிக் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்; அதுதான் நல்ல செய்தி. சத்தம் நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும், மீட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம்.

சனிக்கிழமை மணவாள நகரிலிருந்து சாராள் போன் செய்து, தண்ணீர் சமாச்சாரம் தெரியாமல் குழந்தையை அனுப்ப மாட்டேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை இம்மானுவேல் சூப்பர்வைசரிடம் கேட்டு மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தான். தெருவே கூடியது. நகர் நலச் சங்கத் தலைவர் பச்சையப்பன், ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், முதல் ஆளாக நின்றார். இம்மானுவேல் வாசலில் குந்தி, தண்ணீருக்கு நான்கு விரல் மேலே மீட்டரைப் பிடித்தான். டிக். டிக். ஆலையில் பிடித்தால் என்ன வருமோ அதேதான் வந்தது. அவன் திருப்தியாக நிமிர்ந்து பார்த்தான். முன்வரிசை இரண்டடி பின்னால் போயிருந்தது.

“இன்னாடா கத்துது அது?” என்றார் பச்சையப்பன்.

“அது எப்பவும் கத்தும்ணா. எங்க வெச்சாலும் இவ்ளோ கத்தும். மண்ணு, கல்லு, நம்ம ஒடம்பு, எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும்.”

“ஒடம்புலயா?” என்றாள் பூவம்மாள். “யாரு ஒடம்புல?”

பேசிப் புரிய வைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று அவன் நினைத்தான். தெருவில் இறங்கி மின்கம்பத்தில் வைத்தான், டிக், டிக். பூவம்மாள் கவிழ்த்துப் போட்டிருந்த கூடையில் வைத்தான், டிக், டிக். பச்சையப்பன் வீட்டு வாசலில் புதிதாகப் போட்ட கிரானைட் படியில் வைத்தபோது மீட்டர் கொஞ்சம் அவசரப்பட்டது. கிரானைட் அப்படித்தான், கடலைவிட அதில் அதிகம் என்று இம்மானுவேல் உண்மையைச் சொன்னான்.

“நேத்து வரைக்கும் சும்மா கெடந்த கல்லு,” என்றார் பச்சையப்பன். “உன் ஊட்டுக்கு கடலு வந்து நாலு நாள்ல என் ஊட்டு கல்லு கத்துது.”

“பாத்து பாத்து போட்ட படி,” என்றாள் பூவம்மாள். “என் கூடை மாதிரி அதையும் கவுத்து போட்டுடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மீட்டரின் பக்கவாட்டில் ஒலியை அணைக்க ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அவன் பிறகுதான் நினைத்தான்.

அடுத்த சில நாளில் மூன்று வழிகள் யோசித்தார்கள், மூன்றும் அடைபட்டன. தண்ணீரைக் கால்வாயில் திறக்கக் கூடாது. கால்வாய் ஏரிக்குப் போகிறது, ஏரித் தண்ணீரில் நெல் விளைகிறது, நிலக்காரர்கள் ஏற்கனவே ஆள் அனுப்பிவிட்டார்கள். டேங்கர் லாரியில் ஏற்றலாம் என்றால் எந்த டிரைவரும் வரவில்லை. திரும்பக் கடலிலேயே கொண்டுபோய் ஊற்றலாம் என்று ஒருவர் சொன்ன மறுநாள், பழவேற்காட்டிலிருந்து மீனவர்கள் ஒரு டாடா ஏஸ் நிறைய வந்து இறங்கி, எங்கள் கடலில் அதை ஊற்றாதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆகவே கடல் ஏழாம் எண் வீட்டிலேயே இருக்க வேண்டியது. கதவுக்கு உட்பக்கம் ஜன்னல் உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பினார்கள். மொட்டை மாடித் தளத்தில் ஓர் ஆள் நுழையும் அளவு ஓட்டை போட்டு, இரும்பு ஏணி இறக்கிக் கொடுத்தார்கள். ஏணி சங்கத்தின் செலவு. சபை ஊழியர் மாடியில் நின்று ஓட்டை வழியாக ஜெபித்தார். இறங்கவில்லை.

இம்மானுவேல் அதோடு வாழப் பழகினான். கட்டிலுக்குக் கீழே பிளாக் அடுக்கி உயர்த்தினான். ஸ்டவ்வை அலமாரித் தட்டுக்கு ஏற்றினான். கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை இடுப்பு வரை ஏறி, இரண்டு முறை கணுக்காலுக்கு இறங்கியது. தினமும் முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும். ஜெனிபரின் செருப்பு ஒன்று ஏற்றத்தில் சமையலறைக்கும் இறக்கத்தில் முன்னறைக்கும் போய்வந்தது. அவன் அதை எடுத்து வைக்கவில்லை. நண்டுகள் பீரோவின் கீழ் அறையில் குடியேறின. ஆலையில் தினமும் அவனை மஞ்சள் தூண்களுக்கு நடுவே நடக்கவிட்டார்கள். மணி அடிக்கவில்லை. ஆனாலும் கேன்டீனில் அவன் பெஞ்சு காலியாகவே இருந்தது.

அக்டோபரில் மாற்றாள் வராததால் அவன் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்க்க வேண்டியிருந்தது. பதினாறு மணி நேரம். திரும்பி வந்தபோது தண்ணீர் ஜன்னல் திட்டைத் தாண்டி, பூவம்மாள் வீட்டு வாசலில் இரண்டு விரல் அகலத்துக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஏணியில் இறங்கியதும் தணிந்தது. இன்னும் இரண்டு முறை சோதித்துப் பார்த்தார்கள். அவன் வெளியே இருப்பது பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால் கடல் பேசாமல் இருக்கும். தாண்டினால் சுவரில் சாயும். பச்சையப்பன் ஆலைக்கு ஒரு கடிதம் எழுதி, இந்த நபருக்கு இரட்டை ஷிஃப்ட் தர வேண்டாம் என்று சங்க முத்திரை போட்டுக் கொடுத்தார். இம்மானுவேலிடம், “வேற ஊருக்கு போற எண்ணம் இருந்தா உட்டுடு நைனா. நீ போனா நாங்க முழுகணும்,” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அதிலிருந்து அவன் உலகம் ஆறு மணி நேரம் போய் ஆறு மணி நேரம் வரும் தூரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி மணவாள நகருக்குப் போனான். போனதும் சாராள் அவனைப் புழக்கடையில் நிறுத்தி, இரண்டு வாளித் தண்ணீரில் குளிக்க வைத்து, இறந்துபோன தன் புருஷனின் லுங்கியைக் கட்டிக்கொள்ளக் கொடுத்து, பிறகுதான் குழந்தையை விடுவாள். ஏஞ்சலின் அவன் முழங்கையை மோந்து பார்த்து, “கருவாடு அப்பா,” என்பாள். அவளுக்கு அது வேடிக்கை. பிற்பகல் பஸ்ஸுக்கு அவன் எழுந்தால் அவளும் செருப்பைத் தேடுவாள். நூறு வாரம் போல அது நடந்தது. கடைசிப் பல வாரங்களில் அவள் செருப்பைத் தேடவில்லை. டிவி பார்த்துக்கொண்டே கை காட்டினாள். பஸ்ஸில் அவனுக்கு அதுதான் ஞாபகம் வரும்.

“ஒருத்திய உன் கையில குடுத்துட்டேன்,” என்று சாராள் ஒரு முறை சொன்னாள். “ஆறு நாள் காய்ச்சல்ல பொட்டியில வெச்சி திருப்பிக் குடுத்த. இத அந்தத் தண்ணிக்கு குடுக்க மாட்டேன்.”

“தண்ணி சுத்தம்தான் அத்த.”

“நீ சொன்னா ஆச்சா? கவர்மென்ட்டு எழுதிக் குடுக்கட்டும். அன்னிக்கே அனுப்புறேன். நானே கொண்டாந்து உடறேன்.”

அவன் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தான். மனு நான்கு மேசைகளுக்குப் போனது. கையுறை போட்ட இருவர் ஏணியில் இறங்கி ஆறு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு மாதம் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் வந்தது: கொடுக்கப்பட்ட மாதிரி கடல் நீர், கதிர்வீச்சு எந்தக் கடலிலும் இருக்கும் இயல்பான அளவே. அதை இணைத்து மறுபடி மனு கொடுத்தான். அதற்கு வந்த பதில் ஒரு வரி. மேற்படி முகவரியில் கடல் இல்லை என்பதால் அதன் தூய்மை குறித்துச் சான்று வழங்க இயலாது. இரண்டு தாளையும் சாராளிடம் காட்டினான். அவள் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தாள். “இல்லாத தண்ணியில புள்ளைய எப்படிப்பா உடறது?” என்றாள். நியாயமான கேள்விதான் என்று அவனுக்கும் பட்டது.

இப்படி இரண்டு வருடம். செல்போன் குரல் நின்று வேறு குரல்கள் வந்தன. பஜாரில் உப்பு மலிந்தது. பூவம்மாளிடம் மறுபடி மீன் வாங்கினார்கள், கடல் எப்படி இருக்கிறது என்று கேட்காமலே. ஆனால் ஏழாம் எண் வீட்டை யாரும் மறக்கவில்லை. தெருவில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதலில் அதைச் சொன்னார்கள், பிறகு குழாயில் தண்ணீர் விடும் நேரத்தை. இம்மானுவேல் காலையில் மாடி ஏறி இறங்கிப் போவதையும் மாலையில் திரும்புவதையும் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டவர்கள் உண்டு. அவன் பத்து நிமிடம் தாமதித்தால் பச்சையப்பன் கேட்டுக்கே போன் செய்வார்.

2025 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஏஞ்சலின் பள்ளி விளையாட்டுத் திடலில் ஏணிக் கம்பியிலிருந்து விழுந்தாள். இடது முழங்கை உடைந்தது. சாராள் போன் செய்தபோது அவன் கேட்டில் இருந்தான். வீட்டை விட்டுக் கிளம்பியது காலை ஐந்தரைக்கு. திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மறுநாள் காலை தகடு வைக்க வேண்டும் என்றார்கள். குழந்தை வலி ஊசியில் அரைத் தூக்கத்தில் இருந்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை, ஆளைப் பார்க்கவும் இல்லை. நல்ல கையால் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டரைக்கு பஸ். இரண்டேகாலுக்கு அவன் விரலை உருவப் பார்த்தான். பிடி இறுகியது. சாராள் கட்டிலின் மறுபக்கம் நின்று அவன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மற்றொரு கையால் போனை எடுத்தான்.

“ணா, நான் இன்னிக்கு வரல.”

“வரலன்னா?” என்றார் பச்சையப்பன். “விளையாடறியா? அஞ்சரைக்குள்ள ஊட்ல இருக்கணும் நீ.”

“கொழந்தைக்கு நாளைக்கு ஆபரேஷன். நாளைக்கும் வரமாட்டேன். சாமானெல்லாம் மேல ஏத்திடுங்க. எல்லாரும் மாடிக்கு போயிடுங்க.”

“டேய், முப்பது குடும்பம்டா.”

“தெரியும்ணா. மூணு மணி நேரம் இருக்கு. போயிடுங்க.”

அவன் போனை வைத்தான். சாராள் நாற்காலியை இழுத்து அவன் பின்னால் போட்டாள்.

எபிநேசர் நகரில் ஐந்தரைக்கு முன் அரிசி மூட்டை, மிக்சி, பள்ளிப் புத்தகங்கள், பச்சையப்பனின் பேரனுடைய சைக்கிள் எல்லாம் மாடிக்கு ஏறின. ஐந்து ஐம்பதுக்கு ஹாலோ பிளாக் சுவர் சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது. கதவு திறந்தது. எட்டாம் எண் வீட்டு மாடியிலிருந்து பூவம்மாள் போனில் சொன்னாள்: “தம்பி, வெளிய வந்துடுச்சி. ஆனா யார் ஊட்டுக்குள்ளயும் பூரல. வெள்ளம் மாதிரி இல்ல தம்பி, கூட்டத்துல ஒரு ஆளு ஒதுங்கி போற மாதிரி ஓரமா போய்க்கினு இருக்குது. மெயின் ரோட்டுக்கு போயி லெப்ட்டு திரும்பிடுச்சி. எங்கன்னு கேட்டா சொல்லுமா அது?” கொஞ்சம் நிறுத்தி, “கொழந்தைக்கு வலி கொறஞ்சிதா?” என்றாள்.

அது கவரைப்பேட்டை, புதுவாயல் வழியாகப் போனது. லாரிகள் ஒலி எழுப்பிவிட்டு ஒதுங்கின. பெரியபாளையத்தில் ஆரணி ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது; ஆற்றில் இறங்கியிருந்தால் பழவேற்காட்டுக்கே போயிருக்கலாம். தாமரைப்பாக்கத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் அது கடந்து முடிய பன்னிரண்டு நிமிடம் ஆனது என்று சொல்கிறார். போன வழியில் சாலை நனையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது, மணவாள நகரில் சாராளின் பூட்டிய வீட்டுக் கதவுக்குக் கீழே நுழைந்து உள்ளே போய் நின்றது. அளவு முழங்கால்.

செவ்வாய்க்கிழமை மதியம் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். ஆட்டோ தெருவுக்குள் திரும்பும்போதே இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். எதிர் வீட்டுக்காரர் அதற்குள் சிமெண்டுக்குச் சொல்லிவிட்டிருந்தார். திங்கட்கிழமை மனு போய்விட்டது என்று ஒருவர் இம்மானுவேலிடம் மரியாதையாகத் தெரிவித்தார். சாராள் இறங்கி, இடுப்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். தண்ணீர் வாசல்படியில் நின்றது. டிவியின் கீழே ஒரு மீன் திரும்பிப் போனது. அவள் புடவைக் கொசுவத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். இம்மானுவேல் புழக்கடைப் பக்கம் ஒதுங்கினான்.

“எங்க போற?” என்றாள் சாராள்.

“குளிச்சிட்டு வந்துடறேன் அத்த.”

“குளிச்சிட்டு இதுலதான நிக்கப் போற. புள்ளைய தூக்கு. கட்டு நனையாம தோள்ல போட்டுக்கோ.”

அவன் ஏஞ்சலினைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தை குனிந்து பார்த்து, மீன் எத்தனை என்று எண்ணத் தொடங்கி, ஏழில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். சாராள் சமையலறைக்குப் போய் அரிசி டப்பா நனைந்திருக்கிறதா என்று திறந்து பார்த்தாள். நனையவில்லை.

“இது எத்தினி மணிக்கு ஏறும்?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

“இன்னிக்கு நாலே முக்காலுக்கு.”

“அப்ப அதுக்குள்ள சோறு வடிச்சிடலாம்,” என்று சொல்லி, அவள் ஸ்டவ்வைத் தூக்கி மேசை மேல் வைத்தாள்.